சராசரியில் சுத்தமான கடல்

தன்னுடைய பச்சைச் சிப்பிகளில் நாற்பது அரசாங்க வேலைக்கு எடுக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி மோஹெங்குக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிடைத்தது. கடிதத்தில் மூன்று முத்திரைகள் இருந்தன. சிப்பியின் அறிவியல் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். மோஹெங்கின் பெயரில்தான் இரண்டு எழுத்து தப்பு.

அவர் சான் தெல்மோ விரிகுடாவில், ஆறு கடலில் விழும் இடத்தில், மூங்கில்களை ஊன்றிச் சிப்பி வளர்ப்பவர். முப்பது வருடமாக அதே இடம். கடிதத்தை மகள் மயூமியிடம் கொடுத்தார். கப்பலில் வேலை பார்க்கும் கணவன் திரும்ப எட்டு மாதம் ஆகும் என்பதால், அவள் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது ஐந்தாம் மாதம்.

"கரைக்கடல் தூய்மைப் பணியகத்துலேர்ந்துப்பா. ஆத்துக்கு மேல பொன்மண் அரைக்கிற ஆலைங்க பாதரசம் கலந்த தண்ணிய விடுறாங்களாம். கடல்ல எவ்வளவு சேர்ந்திருக்குன்னு சிப்பிய வெச்சுக் கண்டுபிடிக்கப் போறாங்க. சிப்பி ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வாளி தண்ணிய வடிகட்டுதாம். பாதரசம் அதோட சதையிலயே தங்கிடுதாம். அதனால நம்ம சிப்பிங்களைக் கடற்காவலர்களா நியமிச்சிருக்காங்க."

"நியமிச்சிருக்காங்களா?"

"நாலாம் நிலையம். நாற்பது பேர். பொறுப்பாளர் நீங்க."

அன்று சிப்பி வாங்க வந்த பசிலிசாவிடம் மோஹெங் இதைச் சொன்னார். அவர் வளர்ப்பதைச் சந்தையில் கூவி விற்பவள் அவள்தான். கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலேயே கேட்டுக்கொண்டாள்.

"அரசாங்க வேலைன்னா என்னண்ணே? ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டு, அப்பப்ப வாயைத் தொறந்து மூடணும். நம்ம சிப்பிக்குப் பயிற்சியே வேணாம்."

சிப்பிக்கு வேண்டாம். ஆனால் மோஹெங்குக்கு மூன்று நாள் பயிற்சி இருந்தது. 'சிப்பியை எடுத்தல்: கோட்பாடும் நடைமுறையும்' என்று எழுதிய துணியை மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். முதல் நாள் முழுவதும் கடல் என்றால் என்ன என்று விளக்கினார்கள். இரண்டாம் நாள், தலைநகரிலிருந்து வந்த பயிற்றுநர் மேடையில் நின்று, தண்ணீரில்லாமலேயே கையைத் தண்ணீருக்குள் விடுவது எப்படி என்று செய்து காட்டினார். பன்னிரண்டு நிலையங்களின் பொறுப்பாளர்களும் எழுந்து நின்று அதே மாதிரி செய்தார்கள். அவர்களில் பதினொரு பேர் அன்று விடியற்காலையில் நிஜக் கடலில் கையை விட்டுவிட்டு வந்தவர்கள். மூன்றாம் நாள் தேர்வு. 'சிப்பியை மூங்கிலிலிருந்து பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?' என்ற கேள்விக்கு மோஹெங், 'அது எவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது' என்று எழுதினார். சரியான விடை 'இ'. அறுபத்தொரு மதிப்பெண்ணும், 'ஓரளவு தேறியவர்' என்ற சான்றிதழும், பான்சித் நூடுல்ஸ் ஒரு பொட்டலமும் கிடைத்தன.

திட்டத்தைத் தொடங்கிவைக்க இயக்குநர் லாக்சமானா வந்தார். படகுத்துறையில் பள்ளிக்கூட வாத்தியக் குழு வாசித்தது. வலைப்பைக்குள் கிடந்த நாற்பது சிப்பிகளுக்கும் குறுக்கே நீலப் பட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது.

"இந்தச் சிப்பிகள் பணியகத்தின் கண்கள்!" என்று இயக்குநர் முழங்கினார். "சிப்பிக்குக் கண் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். மோஹெங்கும் தட்டினார். பிறகு பையைக் கொண்டுபோய் ஆற்றுமுகத்து மூங்கிலில் கட்டினார்.

மாதம் பத்துச் சிப்பி எடுத்துக்கொண்டு பணியகத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒரு குமாஸ்தா ஒவ்வொன்றையும் அளந்து, நிறுத்து, பதிவேட்டில் ஏற்றி, பைக்கு அரக்கு வைப்பார். முதல் மாதம் ஒரு சிப்பி நடுவில் வாயைத் திறந்துவிட்டது. பதிவேட்டில் 'மூடிய நிலை' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதால், பொறுப்பாளரிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். மோஹெங் நெடுநேரம் யோசித்துவிட்டு, 'ஐயா, அது உயிரோடு இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார். விளக்கம் ஏற்கப்பட்டது. ஆனால் இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளும்படி எச்சரித்து அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. முடிவு ஒன்றும் வரவில்லை. மோஹெங்குக்கும் அதைப்பற்றிப் பெரிய கவலை இருக்கவில்லை, மயூமி ஒரு நாள் மருத்துவச்சியைப் பார்த்துவிட்டு வரும் வரை.

அவளுக்கு இஞ்சி தட்டிப்போட்டு, முருங்கைக்கீரை உருவிப்போட்டு வைக்கிற சிப்பி ரசம் என்றால் உயிர். வந்த நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டாள்.

"பாதரசம் பாதரசம்னு பேச்சு அடிபடுதாம். வயித்துப் பிள்ளையோட மூளைக்கு ஆகாதாம். முடிவு வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்கிறாங்க." கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சாப்பிடலாமாப்பா, கூடாதா?"

"இரு, கேட்டுச் சொல்றேன். நம்ம ஆளுங்க நாற்பது பேர் அங்க வேலை பாக்குறாங்க. இதைச் சொல்ல மாட்டாங்களா?"

மறுநாள் பணியகத்தில் போய்க் கேட்டார். அரக்கு வைக்கிற குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மோஹெங், தெர்மாமீட்டரைச் சாப்பிடலாமான்னு யாராவது கேப்பாங்களா?"

"மாட்டாங்க சார்."

"நாலாம் நிலையத்துச் சிப்பி உணவு இல்ல. அது கருவி. கருவியைப் பத்தி அந்தக் கேள்வியே எழாது."

"பக்கத்து மூங்கில்ல இருக்கிறது?"

"அது உணவு. அது எங்க துறை இல்ல. மீன்வளத்துல கேளுங்க."

மீன்வளத்தில் எடை மட்டும்தான் பார்ப்பார்களாம். எத்தனை டன் என்று கேட்டால் உடனே சொல்வார்களாம். சுகாதாரத்துறைக்குப் போகச் சொன்னார்கள். சுகாதாரத்துறையில் சமைத்த உணவைத்தான் சோதிப்பார்கள். ஆகவே மோஹெங் வீட்டுக்கு வந்து, இஞ்சியும் முருங்கைக்கீரையும் போட்டு ஒரு பானை ரசம் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துச் சிந்தாமல் கொண்டுபோனார். பன்னிரண்டரை மணிக்குக் கொடுத்தார். காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு மணிக்குக் கழுவிய பானையும் ஒரு சான்றிதழும் வெளியே வந்தன.

'மாதிரி முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. மணம் நன்று. உப்பு சற்றுக் குறைவு. பாதரசம் குறித்துக் கருத்துச் சொல்ல இவ்வலுவலகத்துக்கு அதிகாரமில்லை.'

இதற்குள் பேச்சு சந்தைக்கு எட்டிவிட்டது. பசிலிசா வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசற்படியில் ஏறாமல் கீழேயே நின்றாள்.

"அண்ணே, ரசப்பானையத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையறியாமே? நேத்து ரெண்டு பொம்பளைங்க என் கூடையப் பாத்து, 'இது சுத்தமா?'ன்னு கேட்டாங்க. பதினெட்டு வருஷத்துல அந்தக் கேள்விய ஒருத்தி கேட்டதில்ல. நாளைக்கு இருவது பேர் கேப்பாங்க. அப்புறம் நீ மூங்கிலத்தான் அவிச்சுத் திங்கணும்."

"மயூமிக்காகக் கேட்டேன் பசிலிசா."

"உன் மகளுக்கு வேணான்னா குடுக்காதே. ஊரையே ஏன் கெளப்புற?"

"நீ உன் பேத்திக்குக் குடுக்கறியா?"

"தெனமும் குடுக்கறேன்!" என்று கத்தினாள். கத்திவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் மாதிரி நின்றாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் மாதச் சிப்பிகளைக் கொடுக்கப் போனபோது, பணியகத்தின் கீழ்த்தளத்தில் சோதனைக்கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு இளம்பெண் வெளியே வந்தாள். வெள்ளை மேலங்கி. பெயர் ஜோவெலின் என்று பையில் தைத்திருந்தது. அந்தக் கட்டடத்தில் சிப்பியைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் அவள்தான்.

"ஐயா, நாலாம் நிலையம் நீங்கதானே? உங்களை ஒரு தடவை பாக்கணும்னு இருந்தேன்."

"முடிவு எப்ப வரும் மேடம்?"

அவள் மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தாள். "முதல் மாசமே வந்துருச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"முடிவை வெளியிடறதுக்கு 'ஆபத்தில்லை'ன்னு ஒரு படிவம் அச்சடிச்சு வெச்சிருக்காங்க. இன்னொரு படிவம் இன்னும் அச்சுக்கே போகல. அந்தப் படிவம் இல்லாம உங்க முடிவை எதுல எழுதறது?"

மோஹெங் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "என் மகளுக்கு இது எட்டாம் மாசம்மா."

இந்த முறை அவர் மேடம் என்று சொல்லவில்லை. ஜோவெலின் அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். உங்களோடது ஒன்னேகால். வேகவெச்சாலும் போகாது, புளி ஊத்தினாலும் போகாது. அவங்களுக்குக் குடுக்காதீங்க. நீங்களும் சாப்பிடாதீங்க."

சோதனைக்கூடத்து முக்காலியில் அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மயூமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிப்பி ஓடுகளை வரிசையாக அடுக்கி, எத்தனை தின்றேன் பார் என்று காட்டுவாள். அந்த வரிசை நினைவுக்கு வந்தது. அப்போது ஆற்றுக்கு மேலே ஆலைகள் வந்திருக்கவில்லை என்று மனசுக்குள் வருடங்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டார். ஆனால் பசிலிசாவின் பேத்திக்கு வயது மூன்று. அதற்கு எந்தக் கணக்கும் உதவவில்லை.

அவர் நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். யார் சொன்னது என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னார்.

லாக்சமானா கோபப்படவில்லை. காபி வரவழைத்தார். ஒரு வண்ணப்படத்தை விரித்தார்.

"நீங்க ஒரே ஒரு நிலையத்தப் பாக்கறீங்க. நான் விரிகுடாவப் பாக்கறேன். பன்னிரண்டு நிலையமும் சேர்ந்தா சராசரி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம் புள்ளி நாலு. வரம்புக்குள்ள! நம்ம கடல் சராசரியில சுத்தமா இருக்கு மோஹெங்."

"சார், நான் சராசரியில சிப்பி வளக்கல. நாலாம் நிலையத்துல வளக்கறேன்."

"அதுதான் குறுகிய பார்வைங்கறது."

மோஹெங் படத்தைக் குனிந்து பார்த்தார். விரிகுடாவில் பதினொரு புள்ளிகள்தான் இருந்தன. "பன்னிரண்டாவது எங்க சார்?"

இயக்குநர் பேனாவால் வாசல் பக்கம் காட்டினார். வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் விளக்கு எரிந்தது, குமிழி வந்தது. பாட்டில் தண்ணீரில் உப்புக் கரைத்து ஊற்றிய தொட்டியில் நாற்பது சிப்பிகள் நீலப்பட்டையோடு சுகமாகக் கிடந்தன.

"ஒப்பீட்டு நிலையம்," என்றார் இயக்குநர். "மக்கள் பதட்டப்படக்கூடாது பாருங்க. இந்தத் திட்டத்தோட நோக்கமே அதுதான்."

"பாதரசம் சேரக்கூடாதுங்கறது நோக்கம் இல்லியா சார்?"

"அது வேற திட்டம். அடுத்த ஐந்தாண்டுல வருது."

மோஹெங் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

மறுநாள் காலையில் படகை எடுத்துப் போய் மூங்கில்களைச் சுரண்ட ஆரம்பித்தார். விற்பதற்குத் தயாராக, கட்டைவிரல் நீளத்துக்குக் கொழுத்திருந்த சிப்பிகள். கரையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். மயூமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவர் தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தபோது, பசிலிசா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கத்தியோடு இறங்கி வந்தாள்.

"எவ்வளவுன்னு சொன்னாங்க?"

"ஒன்னேகால். அரைக்குள்ள இருக்கணுமாம்."

அவள் அடுத்த மூங்கிலைப் பிடித்தாள். சுரண்டிக்கொண்டே, "பேத்தியோட முடிய வெட்டிச் சோதிச்சா தெரியுமாமே, உனக்கு எண்ணைச் சொன்னவங்க செய்வாங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேன்," என்றார் மோஹெங்.

நாலாம் நிலையத்துப் பையையும் அவர் காலி செய்தார். ஆனால் பொறுப்பாளர் என்ற முறையில் மாதக் கடைசியில் காலிப் பையைப் பணியகத்துக்குக் கொண்டுபோனார். 'சிப்பி இல்லை. காரணம்: பாதரசம்' என்று ஒரு கடிதமும் வைத்தார். குமாஸ்தாவின் படிவத்தில் காரணம் எழுத இடம் இல்லை. ஆகவே அவர் இருந்த கட்டங்களை நிரப்பினார். சிப்பிகள்: பூஜ்யம். எடை: பூஜ்யம். பாதரசம்: பூஜ்யம். பைக்கு அரக்கு வைத்தார்.

பத்தே நாளில் அழைப்பிதழ் வந்தது. பாதரசத்தை ஒரே மாதத்தில் பூஜ்யத்துக்கு இறக்கிய நாலாம் நிலையத்துக்கு 'மிகச் சிறந்த முன்னேற்றம்' விருது.

ஊர்ச் சமூகக் கூடத்தில் விழா. சந்தைப் பெண்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள், மதிய உணவு உண்டு என்று அறிவித்திருந்ததால். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாதரசத்தைக் கடலிலிருந்து அகற்றப் பல நாடுகள் பல வருடங்கள் போராடுகின்றன. நமது பணியகம் அதை ஒரே மாதத்தில், கடலைத் தொடாமலே சாதித்திருக்கிறது!"

மோஹெங் கழுத்தில் பதக்கம் விழுந்தது. இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நன்றி என்று எழுதிய துண்டுச் சீட்டையும் கொடுத்தார்கள். வாழ்க்கையில் அவர் மைக்கைப் பிடித்ததில்லை. முன்வரிசையில் மயூமி வயிற்றின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பை காலியா இருந்துச்சு," என்றார். ஒலிபெருக்கி ஊளையிட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "அதனாலதான் பூஜ்யம். சிப்பி இருந்தப்ப ஒன்னேகால். அரைக்கு மேல போகக்கூடாது. ஆத்துமுகத்துச் சிப்பிய யாரும் சாப்பிடாதீங்க. மாசமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க, சின்னப் பிள்ளைங்க, தொடவே தொடாதீங்க. இத்தனை நாள் வளத்து வித்தவன் நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

பிறகு பசிலிசா எழுந்தாள்.

"வித்தவ நானு," என்றாள். "டைரக்டர் சார், அந்த எண் உண்மையா?"

"கேள்விகளை எழுத்துமூலம்..."

"எனக்கு எழுத வராது. வாயாலயே கேக்கறேன். உண்மையா, பொய்யா?"

"அந்த எண்ணை இவருக்கு யார் சொன்னது? அதுதான் இப்போ முக்கியம்."

மோஹெங் வாயை இறுக மூடிக்கொண்டார். ஆனால் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் சார்," என்றாள் ஜோவெலின். அவள் குரல் மைக் இல்லாமலே கேட்டது. "என் கையெழுத்தோட பதிவேட்டுல இருக்கு. மூணு மாசத்துக்கும் இருக்கு."

இருநூறு பெண்கள் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக விளக்கினார்.

"அந்த எண் பொய்ன்னு நான் சொல்லல. உண்மையா இருந்திருந்தா நாங்க அதை வெளியிட்டிருக்க மாட்டோம்னுதான் சொல்றேன். ஆனா இப்ப அது வெளியாயிடுச்சு. ஆகவே அது சந்தேகத்துக்குரியது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு அடங்கியபோது பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். அவர்கள் மதிய உணவுக்கு நிற்கவில்லை. ஏழு படகுகளில் ஆற்றில் மேல்நோக்கிப் போனார்கள். ஆலைகளின் கழிவுக் குழாய்களுக்கு முன்னால், காலிக் கூடைகளோடு நான்கு நாள் உட்கார்ந்திருந்தார்கள். அது தேர்தல் வருடம். ஐந்தாம் நாள் நகரத் தலைவர் வந்து குழாய்களை அடைக்கச் சொன்னார். அடைத்தார்கள். அதுவரைக்கும் வந்து சேற்றில் படிந்தது மட்டும் அங்கேயே கிடக்கிறது. அது போக எத்தனை வருடமாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பணியகத்தின் விழாக் குறிப்பில், 'பயனாளி சில எண்களைக் கூறி மகிழ்ந்தார்' என்று பதிவாகியிருக்கிறது. ஜோவெலினைப் பன்னிரண்டாம் நிலையத்துக்கு மாற்றினார்கள். வரவேற்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது வேலை. ஆனால் சோதனைக்கூடத்தில் வேறு ஆள் இல்லாததால் சாவி அவளிடமே இருந்தது. பசிலிசாவின் பேத்தியுடைய முடியைத்தான் முதலில் சோதித்தாள். வரம்பை ஒட்டி நின்றது. சிப்பியை நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடும் என்று சொன்னாள். பசிலிசா அன்று சந்தையின் நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

மோஹெங் வடக்கு முனைக்கு அப்பால், மைத்துனனின் இடத்துக்குப் பக்கத்தில் புதிய மூங்கில் ஊன்றப் போனார். அந்தத் தண்ணீரின் போக்கு அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை மூங்கில் சாய்ந்துவிட்டது. சிப்பி பிடித்து வளர எட்டு மாதம் ஆகும். அதுவரைக்கும் மற்றவர்களின் படகு ஒழுகாமலிருக்கக் கீல் பூசிப் பிழைத்தார். மைத்துனனின் மூங்கிலிலிருந்து ஜோவெலின் சோதனைக்குப் பத்துச் சிப்பி எடுத்துப் போயிருந்தாள்.

மயூமிக்கு வலி எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசி மணி அடித்தது.

"பூஜ்யம் புள்ளி ஒன்னு," என்றாள் ஜோவெலின். "தாராளமா சாப்பிடலாம் ஐயா."

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"சாப்பிடலாம். வேணும்னா எழுத்துல குடுக்கட்டுமா? முத்திரை கூட இருக்கு."

"ஐயோ, வேணாம்மா," என்றார் மோஹெங், இஞ்சியைத் தட்டிக்கொண்டே. "முத்திரையப் பாத்தா எம் பொண்ணு குடிக்க மாட்டா."